அவர் கண்ணில் படாத எண்ணெய்

அந்த எண்ணெயை முதலில் கண்டுபிடித்தது என் கால்தான். பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் செருப்புப் போடாமல் கேட்டைத் திறக்கப் போனேன். வண்டி நிற்கும் இடத்தில் உள்ளங்கால் சர்ரென்று வழுக்கியது. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு தப்பினேன். குனிந்து பார்த்தால், முன் சக்கரத்துக்குக் கீழே சிமெண்ட் தரையில் ஒரு கை அகலத்துக்குக் கரும்பழுப்பாக எண்ணெய் தேங்கியிருந்தது.

"என்னங்க, வண்டி ஒழுகுது" என்று குரல் கொடுத்தேன்.

என் கணவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து நின்றார். "எங்க?"

"உங்க காலுக்குக் கீழயே."

கீழே பார்த்தார். இன்னும் கொஞ்சம் பார்த்தார். "தண்ணி தெளிச்சிருப்ப" என்றார்.

எனக்கு அது விசித்திரமாக இருந்தது. அவர் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். பியூரெட்டில் ஒரு சொட்டு அதிகம் விழுந்தால் கண்டுபிடிக்கிறவர். அந்த மோட்டார் சைக்கிளை வாங்கிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. தினமும் காலையில் பழைய பனியன் துணியால் துடைக்காமல் அதை வெளியே எடுத்ததில்லை. முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நிற்குமே, பளபளவென்று இரண்டு குழாய்கள், அந்த ஃபோர்க்கை மட்டும் தனியாக ஒருமுறை துடைப்பார். இன்று அந்தக் குழாயைச் சுற்றி எண்ணெய் வளையமாக நின்று, கீழே வழிந்து, அதில் தூசி ஒட்டி மை பூசியது போல இருந்தது. ஒரே நாளில் வந்த அழுக்கு அல்ல அது. வாரக்கணக்காக ஒழுகியிருக்க வேண்டும். அவ்வளவு நாளும் அவர் அதே துணியோடு அதே வண்டியைத் துடைத்துக்கொண்டுதான் இருந்தார்.

நேரம் இல்லை. ஏறி உட்கார்ந்தேன்.

நாங்கள் இருப்பது பாலக்கரைப் பக்கம். நான் வேலை பார்க்கும் பெண்கள் பள்ளி ஸ்ரீரங்கத்தில். சமூக அறிவியல் எடுக்கிறேன். காலையில் என்னைப் பள்ளியில் விட்டுவிட்டு அவர் திரும்பி வந்து கல்லூரிக்குப் போவார். எல்லோரும் ஏன் இந்த அலைச்சல், பஸ்ஸில் அனுப்பலாமே என்பார்கள். "அந்த அரை மணி நேரம்தான் நாங்க ரெண்டு பேரும் சண்டை போடாம பேசுற நேரம்" என்று அவர் சொல்லிவிடுவார்.

சில நாட்களாகவே வண்டியின் முன்பக்கம் சரியில்லாமல்தான் இருந்தது. காவிரிப் பாலத்தில் போகும்போது ஒவ்வொரு இணைப்பிலும் 'டங்' என்று ஒரு அடி அவர் முதுகு வழியாக எனக்கும் வந்துகொண்டிருந்தது. பாலத்தைத்தான் நான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று பாலம் இறங்கி மாம்பழச்சாலை வரும்போது, இடது பக்கத்திலிருந்து ஒரு பெண் மொபெட்டில் பூக்கூடையை முன்னால் வைத்துக்கொண்டு வந்தாள். நிதானமாகத்தான் வந்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவரும் பார்த்திருப்பார் என்றுதான் நினைத்தேன். வேகம் குறையவில்லை.

"என்னங்க!" என்று கத்தினேன்.

பிரேக்கை அழுத்தினார். ஒழுகிய எண்ணெய் பிரேக் தட்டிலும் பட்டிருந்ததோ என்னவோ, அது சட்டென்று பிடிக்கவில்லை. வண்டி மூக்கைக் கீழே குத்திக்கொண்டு நகர்ந்து, அந்தப் பெண்ணின் கூடைக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. அவள் திட்டவில்லை. ஒரு கையால் கூடையை அணைத்துக்கொண்டு, "பாத்து வரக் கூடாதா சார்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

என் கணவர் ஹெல்மெட் கண்ணாடியை மேலே தூக்கினார். "அவங்க எங்கேருந்து வந்தாங்க?"

அந்தக் கேள்வியில் பொய் இல்லை. உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. அந்த இடத்திலேயே பள்ளிக்குப் போன் செய்து லீவு சொன்னேன். வண்டியை ஓரமாகப் பூட்டி வைத்துவிட்டு, ஆட்டோ பிடித்து அவரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். "சும்மா பயப்படுற" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். ஆனால் வரமாட்டேன் என்று சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு இருட்டறை. ஒரு பெரிய வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைத்து, நடுவில் ஒரு புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அங்கங்கே சின்ன வெளிச்சம் வரும். வந்தால் கையில் இருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். நான் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். முதலில் 'டிக் டிக்' என்று சத்தம் வந்தது. பிறகு நெடுநேரம் வரவில்லை. கருவி மட்டும் மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. ஏதோ கோளாறு போலிருக்கிறது, வெளிச்சம் வரவில்லை என்று நினைத்தேன். பக்கத்தில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணின் முகத்தைப் பார்த்ததும்தான் புரிந்தது. வெளிச்சம் வந்துகொண்டுதான் இருந்தது.

டாக்டர் எங்கள் மகள் வயதுப் பெண். காகிதத்தில் அச்சாகி வந்த படத்தைக் காட்டினார். சுற்றிலும் கறுப்பு, நடுவில் மட்டும் வெள்ளையாக ஒரு ஓட்டை. "கண்ணுக்குள்ள சுரக்கிற தண்ணி சரியா வடியறதில்ல சார். அதனால பிரஷர் ஏறி நரம்பு கொஞ்சம் கொஞ்சமா போயிருக்கு. ஓரத்துலேர்ந்து போறதால உங்களுக்கே தெரிஞ்சிருக்காது. போனது திரும்ப வராது. இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம்" என்றார்.

அவர் கொஞ்ச நேரம் அந்தப் படத்தைப் பார்த்தார். "அதாவது, வண்டிக்கு ஒழுகுது, எனக்கு ஒழுக மாட்டேங்குது" என்றார்.

டாக்டர் சிரித்துவிட்டார். எனக்கு இவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. சிரிப்பு அடங்கியதும் டாக்டர் மெதுவாகச் சொன்னார்: "இனிமே வண்டி ஓட்டக் கூடாது சார்."

"சரிம்மா" என்றார் அவர்.

அன்று மாலை அவருடைய நண்பர் ஒருவர் போய் வண்டியை எடுத்துவந்து வாசலில் விட்டார். சாவி டிவி மேல் இருந்தது. மூன்று வாரம் அது அங்கிருந்து நகரவில்லை. நான் பஸ்ஸில் போனேன். அவர் ஷேர் ஆட்டோவில் போனார். வீட்டில் எல்லாம் வழக்கம் போலத்தான் நடந்தது; ஒன்று மட்டும் மாறியது. நான் அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். கவனிக்கக் கவனிக்க, இத்தனை நாளும் கவனிக்காமல் இருந்ததெல்லாம் தெரியவந்தது. டம்ளரை எடுக்கக் கையை மேஜை மேல் தடவிக்கொண்டு போவது. கதவு நிலையில் இடித்துக்கொள்ளும் தோள். சோற்றுக்குப் பக்கத்தில் வைத்த அப்பளத்தை அப்படியே விட்டு எழுந்திருப்பது. அப்பளம் பிடிக்காமல் போய்விட்டது என்று நான் பொரிப்பதையே நிறுத்தியிருந்தேன். எண்ணெயைக் கவனிக்கவில்லை என்று அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

பெங்களூரிலிருந்து மகள் போனில், "வண்டியை வித்துடுங்கப்பா. பார்க்கப் பார்க்க உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்" என்றாள்.

"பார்க்கலாம்மா" என்றார்.

ஒரு சனிக்கிழமை மதியம் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினேன். அவர் வண்டி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். துணியால் ஃபோர்க் குழாயைத் துடைப்பார்; வண்டியை இரண்டு முறை அமுக்குவார்; பிறகு குழாயின் மேல் விரலை ஓட்டுவார்; விரலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார். மறுபடியும் துடைப்பார். எவ்வளவு நேரமாக இதைச் செய்துகொண்டிருந்தாரோ.

"ஃபோர்க் ரெண்டு காலுலயும் ஆயில் சீல் போயிருச்சு" என்றார். "ஒழுகுற வண்டியை யார்கிட்ட விக்கிறது? சீல் மாத்திட்டுத்தான் குடுக்கணும்."

"விக்க வேண்டாம்" என்றேன். "நான் ஓட்டுறேன்."

முன்கூட்டி யோசித்து வைத்த வார்த்தை இல்லை அது. சைக்கிள் தவிர வேறு எதையும் ஓட்டியதில்லை நான். ஐம்பத்தொரு வயது. அவர் தலையைத் திருப்பி என்னைத் தேடினார். அந்த வெள்ளை ஓட்டைக்குள் என் முகம் வரும்வரை தலை மெல்ல நகர்ந்தது. வந்ததும் நின்றது.

"நீயா? கியர் வண்டின்னு தெரியும்ல?"

"தெரியும். நீங்க பின்னாடி உக்காந்துக்கங்க."

வண்டியை இன்னொரு முறை அமுக்கிப் பார்த்தார். பிறகு துணியை உதறி மடித்து வைத்தார். "அப்ப சீல் ஒழுங்காவே மாத்தணும்" என்றார்.

எங்கள் வண்டியை வழக்கமாகப் பார்ப்பவர் தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் பாய். விஷயத்தைச் சொன்னதும், "விட்டுட்டுப் போங்க சார், ஒரு மணி நேர வேலை" என்றார்.

"இல்ல பாய். நானே பண்றேன். சீல் மட்டும் வேணும்."

பாய் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் இரண்டு செட் சீல், ஃபோர்க் ஆயில், எங்களிடம் இல்லாத ஒரு நீளமான ஆலன் கீ எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொடுத்தார். என் கணவர் வெளியே இறங்கியதும் என்னை மட்டும் நிறுத்தி, "டீச்சர், எங்க அத்தாவுக்கும் கண்ணு இப்படித்தான் இருந்துச்சு. சாருக்கு எதையும் பக்கத்துல வைக்காதீங்க. கையில குடுங்க" என்றார்.

அவர் சொன்னது எவ்வளவு பெரிய வார்த்தை என்று மறுநாள்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காலைப் பூசை முடிந்து வந்ததும் ஆரம்பித்தோம். அவருக்கு வெளிச்சம் வேண்டும். வாசலில் நல்ல வெயில் இருந்தது. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினுக்கு அடியில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து, முன் சக்கரம் தரையைத் தொடாதபடி தூக்கினோம். சக்கரம் கழன்றது. பிரேக் பிடிப்பானைக் கழற்றிக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். மட்கார்டு வந்தது. இவ்வளவும் அவர் கை தானாகச் செய்தது. எதிரே இருக்கும் போல்ட் அவருக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்த ஸ்பேனர் தெரியவில்லை.

"பன்னெண்டு எங்க? இங்கதானே வெச்சேன்!"

"உங்க இடது கைப் பக்கத்துல."

கை தரையைத் தடவியது. ஸ்பேனருக்கு இரண்டு விரல் தள்ளிப் போய்த் திரும்பியது. மறுபடியும் தடவியது. நான் எடுத்துக் கொடுப்பதற்குள் கோபம் வந்துவிட்டது. "நீ எதுக்கு அதை நகத்துற?"

நான் நகர்த்தவில்லை. ஸ்பேனரை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினேன். அப்போது பாய் சொன்னது நினைவுக்கு வந்தது. உள்ளே போய்ப் பழைய பேப்பரை எடுத்துவந்து என் முன்னால் விரித்து, எல்லாக் கருவியையும் அளவு வாரியாக அடுக்கினேன். "இனிமே நீங்க எதையும் கீழ வைக்கக் கூடாது. என் கையில குடுங்க. வேணும்னா என்கிட்ட கேளுங்க" என்றேன்.

"சரிங்க டீச்சர்" என்றார். கிண்டலாகத்தான். ஆனால் அதன் பிறகு அப்படியே செய்தார். பன்னெண்டு என்பார், கொடுப்பேன். துணி என்பார், கொடுப்பேன். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் கையை நீட்டித் தருவார். நான் வாங்கி அதன் பெயரைக் கேட்டுப் பேப்பரில் எழுதி வைப்பேன். மருத்துவமனை நாளுக்குப் பிறகு நாங்கள் அதிகம் பேசிக்கொண்டது அன்றுதான். பேசியதெல்லாம் போல்ட் பெயர்தான் என்றாலும்.

வலது குழாயை முறுக்கி முறுக்கிக் கீழே இழுத்தார். வந்தது. மேல் மூடியைத் திறந்து சுருள்கம்பியை எடுத்து, தலைகீழாகக் கவிழ்த்துப் பழைய வாளியில் எண்ணெயை வடித்தார். சாம்பல் நிறத்தில், கெட்டுப்போன மீன் நாற்றத்தோடு கொழகொழவென்று விழுந்தது. நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். "லேப்ல வராத நாத்தமா?" என்றார்.

சீல் என்பது ஒன்றும் பெரிய சமாச்சாரம் இல்லை. வளையல் போல ஒரு ரப்பர் வளையம். உள்விளிம்பில் மெல்லிய உதடு மாதிரி இருக்கும். குழாய் மேலும் கீழும் போகும்போது அந்த உதடுதான் எண்ணெயை வழித்து உள்ளேயே நிறுத்துகிறது. அது காய்ந்து விறைத்துப் போனால் ஒழுகும். இடது குழாயையும் கழற்றி வடித்த பிறகு, பழைய சீலை நெம்பி எடுத்து என் கையில் கொடுத்தார். கல் மாதிரி இருந்தது.

புது சீலைக் குழாயின் மேல் முனை வழியாக நுழைத்துக் கீழே கொண்டுவர வேண்டும். "முனை கூரா இருக்கும். பிளாஸ்டிக் கவரைச் சுத்திக்கிட்டு, ஆயில் தடவி, அது மேல வழுக்கி இறக்கணும். இல்லேன்னா உதடு கிழிஞ்சுரும்" என்று இடது பக்கத்துக்கு அவரே செய்து காட்டினார். வலது பக்கத்துக்கு வரும்போது வெயிலில் அவருக்குக் கண் கூசியது. "இதை நீ போடேன், நான் ஒரு நிமிஷம் மூடிக்கிறேன்" என்று சுவரில் சாய்ந்துகொண்டார்.

நான் கவரைச் சுற்றினேன். எண்ணெய் பட்டு அது வழுக்கிக்கொண்டே போனது. மூன்று தடவை சுற்றினேன், மூன்று தடவையும் கழன்றது. நான்காம் தடவை கவர் இல்லாமலேயே சீலை அமுக்கினேன். லேசாகத் தடைபட்டு இறங்கியது. பார்ப்பதற்கு ஒரு குறையும் இல்லை. "ஆச்சா?" என்றார். "ஆச்சு" என்றேன்.

பாய் கொடுத்திருந்த பிவிசி பைப் துண்டை மேலே வைத்து, சுத்தியலால் பதமாகத் தட்டி சீலை உட்கார வைத்தோம். அதன் மேல் கம்பி லாக். அது பள்ளத்தில் சரியாக உட்கார்ந்ததா என்று அவர் கண்ணால் பார்க்கவில்லை. நகத்தால் சுற்றிலும் தடவி, "ம்" என்றார். எண்ணெய் அளப்பதற்கு, விளிம்பு உடைந்ததால் ஆய்வகத்தில் ஒதுக்கிய ஒரு கண்ணாடி அளவுஜாடி வைத்திருந்தார். அளவை நான்தான் படித்தேன்.

"குனிஞ்சு, கண்ணுக்கு நேரா வெச்சுப் பாரு. நடுவுல குழிவா இருக்கும்ல, அந்தக் குழிவோட அடிதான் கணக்கு."

"தெரியும். பத்தாவதுல படிச்சேன்."

"சோஷியல் டீச்சரை நம்ப முடியாது" என்றார்.

மதியம் இரண்டு மணிக்கு வண்டி மறுபடியும் வண்டியானது. அவர் கைப்பிடியைப் பிடித்து முன்பக்கத்தை அமுக்கினார். அமுங்கி, அடிக்காமல், மெத்தென்று மேலே வந்தது. இன்னொரு முறை அமுக்கினார். என்னையும் அமுக்கச் சொன்னார். பிறகு இருவரும் கையை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டு, ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டோம். அன்று அப்பளம் பொரித்துத் தட்டின் நடுவில் வைத்தேன்.

மறுநாள் மாலை நான் பள்ளியிலிருந்து வரும்போது அவர் வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். விரல் நுனி பளபளவென்றிருந்தது.

"வலது பக்கம் மறுபடியும் ஒழுகுது" என்றார்.

குனிந்து பார்த்தேன். குழாயைச் சுற்றி முடி கனத்தில் ஒரு எண்ணெய் வளையம்.

"எதையோ நான் சரியாப் பார்க்கல" என்றார். "தூசி இருந்திருக்கும், இல்ல லாக் ஒரு பக்கம் தூக்கியிருக்கும். முன்னெல்லாம் எனக்குத் தெரியாமப் போகுமா? விட்டுரு. பாயைக் கூப்பிட்டு எடுத்துட்டுப் போகச் சொல்லு. அப்படியே வித்துரச் சொல்லு." சத்தமே இல்லாத குரல். "இதுகூட முடியலேன்னா, லேப்ல நான் என்ன கிழிக்கப் போறேன்? ஆசிட் பாட்டில் எடுத்துக் குடுக்குற வேலை. நாளைக்கு எந்தப் பிள்ளை மேலயாவது கொட்டுனா?"

மூன்று வாரமாக அவர் மனதில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வண்டி அல்ல. அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். சொல்ல வெட்கமாக இருந்தது. பள்ளியில் தப்புச் செய்துவிட்டு நிற்கும் பிள்ளைகளை நான் எவ்வளவு கேள்வி கேட்டிருக்கிறேன்!

"வலது பக்கம் நான் போட்டது" என்றேன்.

"தெரியும். அதுக்கென்ன?"

"கவர் சுத்தலீங்க. வழுக்கிக்கிட்டே போச்சு. அப்படியே அமுக்கிட்டேன்."

தலை மெல்லத் திரும்பி என்னைத் தேடிப் பிடித்தது. "கவர் இல்லாமயா?"

"ஆமா."

"நான் ஆச்சான்னு கேட்டப்ப ஆச்சுன்னியே?"

"ஆச்சுன்னுதான் நெனைச்சேன்."

அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துபோய்க் கையைப் பிடித்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். சத்தம் வராமல் ஆரம்பித்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "நான் என் கண்ணைத் திட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். இது உன் கை பண்ணுன வேலையா?" என்றார். பிறகு அந்த எண்ணெய்க் கையாலேயே என் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். நானும் சிரித்தேன். கூந்தலில் அந்த நாற்றம் இரண்டு நாள் போகவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஃபோர்க்கின் வலது காலை மட்டும் மறுபடியும் கழற்றினோம். பழையபடி பேப்பர், பழையபடி கையில் கொடுப்பது. வெளியே எடுத்த சீலின் உதட்டில் நகக்கீறல் போல ஒரு கிழிசல் இருந்தது. அவர் அதை விரலால் தடவிப் பார்த்து, திருப்தியோடு என் கையில் கொடுத்தார். இந்த முறை கவரின் ஓரத்தை நூலால் கட்டிவிட்டு நானே சீலை இறக்கினேன். அவர் என் விரல் மேல் விரல் வைத்துக்கொண்டிருந்தார். ஒரு வாரம் தினமும் காலையில் வெள்ளைத் துணியால் குழாயைத் துடைத்து என்னிடம் காட்டினார். துணி வெள்ளையாகவே இருந்தது.

கல்லூரியிலும் அவரே போய்ப் பேசினார். ஆசிட் அலமாரிப் பொறுப்பை இன்னொருவருக்கு மாற்றிவிட்டு, இருப்புப் பதிவேடு, கருவிகள் பழுது பார்க்கும் வேலையை இவருக்குக் கொடுத்தார்கள். அவர் எதிர்பார்த்த அவமானம் எதுவும் நடக்கவில்லை. "முன்னாடியே வந்து சொல்லியிருக்கலாமே" என்றுதான் துறைத்தலைவர் கேட்டாராம்.

நான் வண்டி பழகியது பொன்மலை மைதானத்தில். ரயில்வே பட்டறைத் தொழிலாளர்கள் ஷிப்டுக்குச் சைக்கிளிலும் பைக்கிலும் போகிற நேரம். சுடிதாரோடு, ஹெல்மெட்டோடு, தள்ளாடிக்கொண்டு நான் சுற்றி வருவதை அவர்கள் பார்த்துக்கொண்டே போவார்கள். என் கணவர் நடுவில் நிற்பார். நான் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பினாலே அவர் பார்வையிலிருந்து நழுவிவிடுவேன். ஆனால் இன்ஜின் சத்தம் அவருக்குப் போதும்.

"கிளட்ச்! கிளட்ச்சைப் பிடி! ரெண்டாவதுக்குப் போ! ஏன் கத்த விடுற வண்டியை?"

இரண்டு முறை விழுந்தேன். முதல் முறை முழங்கை தேய்ந்தது. இரண்டாவது முறை அவர் சத்தம் வந்த திசை நோக்கி ஓடிவந்து, வண்டியில் தடுக்கி அவரும் விழுந்தார். ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் இறங்கி வந்து எங்கள் இருவரையும் தூக்கிவிட்டு, வண்டியையும் தூக்கினார்கள். "அம்மா, உங்களுக்குப் பரவால்ல, நல்லா ஓட்டுறீங்க. சாரைத்தான் ஓரமா நிக்கச் சொல்லுங்க" என்றார் ஒருவர்.

லைசென்ஸ் வாங்கி, அவரைப் பின்னால் உட்கார வைத்து முதன்முதலாகப் பாலத்தில் ஏறிய நாளில் நான் இரண்டாவது கியரைத் தாண்டவே இல்லை. பின்னால் உட்கார்ந்து பழக்கமில்லாத மனிதர். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதலில் கம்பியைப் பிடித்தார், பிறகு தொடையில் வைத்தார், கடைசியில் என் தோளில் வைத்தார். பாலத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் முன்பக்கம் மெல்ல அமுங்கி எழுந்தது. ஒரு அடிகூட இல்லை. என் தோளில் இருந்த கை ஒவ்வொரு தடவையும் லேசாக அழுத்திச் சரி என்றது. பள்ளி வாசலில் இறங்கியபோது என் வகுப்புப் பிள்ளைகள் நான்கைந்து பேர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். அவர் அங்கிருந்து பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போனார்.

சென்ற மாதம் துறையூரில் அவருடைய பெரியப்பா மகன் வீட்டுக் கல்யாணம். பஸ்ஸில் போகலாம் என்றேன். வண்டியிலேயே போகலாம் என்றார். அவ்வளவு தூரம் நான் ஓட்டியதில்லை. டோல்கேட் தாண்டி மண்ணச்சநல்லூர் வந்ததும் அரிசி ஆலைகளிலிருந்து நெல் அவியும் வாசனை வந்தது. லாரிகள் குறைந்ததும் அவர் பின்னாலிருந்து கேட்க ஆரம்பித்தார்.

"இடது பக்கம் என்ன?"

"வாழை. தார் போட்டிருக்கு."

"வலது பக்கம்?"

"நடவு முடிஞ்ச வயல். நாலு கொக்கு நிக்குது. ஒரு டிராக்டர்."

"நாலா?"

"ரோட்டைப் பார்த்து ஓட்டவா, கொக்கை எண்ணவா?"

கல்யாண வீட்டில் இறங்கியதும் மாப்பிள்ளையின் சித்தப்பா, "யாரு ஓட்டிட்டு வந்தது?" என்று ஆச்சரியமாகக் கேட்டார். "டிரைவர் வெச்சிருக்கேன்ல" என்று இவர் என்னைக் காட்டினார். பிறகு, யாரும் கேட்காமலேயே, கண்ணைப் பற்றிச் சொன்னார். ஓரம் தெரியாது, நேராக வந்து நின்று பேசினால் நன்றாகத் தெரியும் என்றார். அதுவரை சொந்தக்காரர் எவரிடமும் அவர் அதைச் சொன்னதில்லை. அன்றெல்லாம் ஒவ்வொருவராக வந்து அவருக்கு நேராக நின்று பேசினார்கள்.

போன வாரப் பரிசோதனையில் படம் பழையபடியே இருந்தது. கூடவில்லை, குறையவில்லை. அதுதான் நல்ல செய்தி என்று டாக்டர் சொன்னார். வெளியே வந்ததும் நான் ஹெல்மெட்டை மாட்டி, வண்டியைத் திருப்பி நிறுத்தி, இன்ஜினை உயிர்ப்பித்தேன். அவர் என் தோளைத் தொட்டு ஏறி உட்கார்ந்தார்.

"வீட்டுக்குத்தானே?" என்றேன்.

"நேரம் இருக்கு. கொஞ்சம் சுத்திட்டுப் போ" என்றார்.